சனிக்கிழமை அப்பாக்கள்

காரைக்கால் கோவில்பத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் வாரநாட்களில் ஆம்பளைகள் கிடையாது. பெண்களும் பிள்ளைகளும்தான். பீஸ் போனால் அம்மாவே நாற்காலி போட்டு ஏறி கம்பி மாட்டுவாள். பாம்பு வந்தால் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து அடிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பொறையார் பக்கமிருந்து பஸ் வந்து மெயின் ரோட்டில் நிற்கும். வேட்டி கட்டிய ஒரு கூட்டம் பையும் கையுமாக இறங்கும். தெரு முழுக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு வாசனை. பொழுது சாயும்போது அதே கூட்டம் அதே பைகளோடு பஸ் ஏறிவிடும். பைகள் மட்டும் காலியாக இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் அப்பா.

இது எழுபதுகளின் கடைசி. எங்கள் சொந்த ஊர் காரைக்காலுக்கு வடக்கே, பூவம் தாண்டி, நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் பாண்டிச்சேரி அரசாங்கம். மண் ஒன்றுதான், நெல் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். சட்டம் மட்டும் வேறு. அந்தப் பக்கம் டாக்டர் படிப்புக்கும் இஞ்சினீயர் படிப்புக்கும் மாநிலம் முழுக்கப் போட்டி. இந்தப் பக்கம் போட்டி போடப் பிள்ளைகளே குறைவு. தொடர்ந்து ஐந்து வருஷம் இந்தப் பக்கம் குடியிருந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் சீட்டு கிடைக்காத மார்க்குக்கு இங்கே கிடைக்கும். இந்த விஷயம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் காய்ச்சல் மாதிரி பரவியது. கொஞ்சம் நிலமும், படிக்கிற பிள்ளையும் இருந்த வீடுகள் எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. நிலத்தோடு அப்பா அங்கே. பிள்ளையோடு அம்மா இங்கே.

அப்படி வந்தவர்களால் உண்டான தெரு அது. நாங்கள் வந்ததற்கு முந்தின வருஷம் வரைக்கும் அது வயல். தெரு ஏன் அவ்வளவு கோணல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வரப்பு கோணல், அதனால் தெரு கோணல். ஐப்பசி மழையில் தண்ணீருக்கு அது வயல் என்ற ஞாபகம் வந்துவிடும். அடுப்படி வரை வந்து நிற்கும். கட்டில் காலுக்குக் கீழே தவளை கத்தும்.

எங்கள் வீட்டுக்காரம்மா காரைக்கால்காரி. அவர் மாமனாருக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வந்தது. வீட்டுக்காரம்மாவும் நகராட்சியைக் கடைசி வரைக்கும் பிரெஞ்சில் மேரி என்றுதான் சொன்னார். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே எங்கள் காதில் விழும்படி பேசுவார்.

"மாசத்துக்கு ஒரு தெரு மொளைக்குது. மேரிக்காரன் எத்தனை கொழாதான் போடுவான்? எல்லாரும் இங்க படிக்க வந்துட்டா அங்க உழுவுறது யாரு?"

அம்மா விடமாட்டாள். "உழுவுறதுக்குத்தான் எங்க வீட்டுக்காரர வுட்டுட்டு வந்திருக்கோம்ல. அந்த அரிசியத்தானே நீங்களும் ஒலை வைக்கிறீங்க."

"அரிசி நல்லாத்தான் இருக்கு. நான் இல்லன்னா சொன்னேன்?" என்பார் வீட்டுக்காரம்மா.

அப்பா கொண்டுவரும் அரிசியில் ஒரு படி அவர் வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரம்மாவின் மகள் என் வகுப்புதான். அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய இடத்துக்குத்தான் நாங்களும் போட்டி. வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாதது சட்டம் போட்டவனிடம்தான்.

நாங்கள் வந்தது அண்ணனுக்காக. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கூடவே தூக்கி வரப்பட்ட சாமான் மாதிரிதான் நான் வந்தேன். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அப்பா சனிக்கிழமை வருகிறார், ஞாயிற்றுக்கிழமை போகிறார். அவர் போகாமல் இருக்க வேண்டும், அல்லது நாங்கள் அவர் கூடப் போக வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அந்த வயதில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போக முடியாது. குடியிருப்பு விசாரணைக்கு ஆள் எப்போது வருவான் என்று தெரியாது, வரும்போது அடுப்பு எரிய வேண்டும் என்று தெருவில் ஒரு பேச்சு. பூட்டிக் கிடந்த வீட்டை எழுதிக்கொண்டு போய்விட்டான், ஒரு பிள்ளையின் சீட்டு போச்சு என்று யாரோ சொன்னதிலிருந்து லீவு நாட்களில்தான் எங்கள் தெருவில் புகை அதிகம். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பொங்கல் பானை. அம்மா இங்கே வாடகை வீட்டு வாசலில் ஒன்று வைப்பாள். அப்பா அங்கே ஒண்டியாக ஒன்று வைப்பார். மறுநாள் மாட்டுப் பொங்கலும் அவரே வைத்து, மாட்டுக்கு அவரே ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார். வந்து சேரும்போது அது ஆறிக் கட்டியாகிக் கிடக்கும். அண்ணன் தொடமாட்டான். நான் தின்பேன்.

விசாரணைக்கு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தெருப் பெண்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த ஊர்? இந்த ஊர்தாங்க. அப்பா எங்கே? வேலையா வெளியூர் போயிருக்காருங்க. எதிர்வீட்டுக் குட்டிப் பயல் ஒருவன் பால்காரர் "அம்மா இருக்காங்களாடா?" என்று கேட்டதற்கே "இந்த ஊர்தாங்க" என்று ஒப்பித்தான். தெருவே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவன் அம்மா அவனுக்கு நாலு வைத்தாள்.

பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்தப் பதிலை அப்பாக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள்தான் வாரநாளில் இருப்பதே இல்லையே.

அண்ணன் பிளஸ் டூ வந்த வருஷம் அப்பாவுக்குக் கால் ஒடிந்தது. களத்தில் வண்டி குடை சாய்ந்து சக்கரம் காலில் ஏறிவிட்டது. மாவுக்கட்டு போட்டுப் படுத்துவிட்டார். சோறாக்க ஆள் இல்லை. மாட்டுக்கு ஆள் இல்லை. அம்மா போக வேண்டும். அம்மா போனால் அண்ணனுக்கு யார்?

"அவனுக்கு இந்த வருஷம் பரீட்சை. நீ போ பாப்பா. ஒரு வருஷந்தானே. ஒம்பதாவதுதானே. அத எங்க படிச்சா என்ன?" என்றாள் அம்மா.

ஆண் பிள்ளையின் வருஷத்தில் ஒரு நாள் கூட உடையக்கூடாது. பெண்ணின் வருஷம் முழுசாக உடைந்தாலும் ஒன்றுமில்லை. இதில் அம்மாவை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு எரியவில்லை. அன்றைக்கு நான் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த ஒரு வருஷம்தான் எனக்கு அப்பா இருந்தார்.

சனிக்கிழமை வந்த அப்பா வேறு ஆள். விருந்தாளி. சட்டையைக் கழற்றக்கூட யோசிப்பார். அம்மா வைத்த குழம்பில் உப்பு இல்லை என்றாலும் "நல்லாருக்கு" என்பார். என்னிடம் "நல்லா படிக்கிறியா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன். அதோடு சரி. ஊரில் படுத்துக் கிடந்த அப்பா திட்டினார்.

"இது சோறா, சுண்ணாம்பா? எந்த மகராசன் வீட்டுக்குப் போயி இதப் போடப்போற?"

"வேணும்னா நீங்களே எழுந்து வந்து ஆக்குங்க."

"காலு இருந்தா ஆக்க மாட்டேனா? போ, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா? அந்த செவல தொட்டியில வாய வைக்காது, வாளியிலதான் வைக்கும். எத்தன தடவ சொல்றது?"

எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. திட்டுகிற அளவுக்கு எங்களுக்கு நேரம் இருந்தது. அவர் தூக்கத்தில் வாய்க்கால் முறைக்காகச் சண்டை போடுவார் என்று எனக்குத் தெரியவந்தது. காப்பியில் வெல்லம் போட்டால்தான் குடிப்பார், கோவில்பத்தில் சீனி போட்டதைச் சொல்லாமல் குடித்திருக்கிறார் என்று தெரியவந்தது. காலையில் ஆக்கி வைத்துவிட்டு, மாட்டை இடம் மாற்றிக் கட்டிவிட்டு, பொறையாரில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். சாயங்காலம் பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். எலும்புகளைப் பற்றிய பாடம் வந்தபோது அவர் கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "என் எலும்புக்கு என்னா பேரு போட்ருக்கான்?" சொன்னேன். "பேருல்லாம் நல்லாத்தான் வச்சிருக்கான். ஒட்டுறதுக்கு வழியக் காணும்" என்றார்.

ஒட்டியது. ஆனால் கோணலாக ஒட்டியது. கொஞ்சம் சாய்ந்து நடந்தார். அண்ணனுக்கு இஞ்சினீயரிங் சீட்டு கிடைத்தது. நான் கோவில்பத்துக்குத் திரும்பினேன். என்னைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த சனிக்கிழமை பையோடு வந்தார். குழம்பு நல்லாருக்கு என்றார்.

பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் காரைக்காலில்தான் முடித்தேன். இப்போது அம்மாவுக்குக் கணக்கு மாறியிருந்தது.

"உனக்கும் பாண்டிச்சேரியில டாக்டர் சீட்டு கெடச்சு ஆஸ்டல்ல சேந்துட்டின்னா, நான் இந்த வீட்டக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிருவேன். அவரு ஒண்டியா எத்தன வருஷந்தான் பொங்கித் திம்பாரு?"

டாக்டராக வேண்டும் என்று எனக்குக் கனவெல்லாம் இல்லை. ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகப் படித்தேன். எனக்குச் சீட்டு கிடைத்தால் அம்மா ஆற்றைத் தாண்டிப் போய்விடுவாள். லீவில் நான் போனால் அங்கே ஒரே வீடு, ஒரே பானை. வீட்டுக்காரம்மாவின் மகளும் நானும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தோம். மார்க் வந்தது. இந்தப் பக்கத்துக்குப் போதுமான மார்க். அந்தப் பக்கத்துக்குப் போதாது.

குடியிருப்புச் சான்றுக்கு விசாரணைக்கு ஆள் வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். எங்கள் கெட்ட நேரம், அன்றைக்கு அப்பா வந்திருந்தார். ரிசல்ட் கேள்விப்பட்டு, வேலையைப் போட்டுவிட்டு, ஒரு பை அவலோடு காலையிலேயே வந்துவிட்டார். வாரநாளில் அவரை அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

வந்தவர் தாலுகா ஆபீஸ்காரர். நல்ல மாதிரியான ஆள்தான். முன்னறையில் உட்கார்ந்து என் பேப்பர்களைப் புரட்டினார். வீட்டுக்காரம்மா கூப்பிடாமலே வந்து வாசற்படியில் நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒம்பதாவது மட்டும் பொறையார்ல படிச்சிருக்கே. ஏன்?"

இதற்கு அம்மா மூன்று வருஷமாகப் பதில் தயாராக வைத்திருந்தாள். "இங்கேருந்து பஸ்ல போயிட்டு வந்துச்சுங்க. அரை மணி நேரந்தானே. அங்க ஒரு டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்கன்னாங்க."

ஆபீஸ்காரர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். "நீங்கதான் வீட்டு ஓனருங்களா? பொண்ணு இங்கதான் இருந்துச்சா?"

நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் மகளும் அதே சீட்டுக்குத்தான் போட்டிருந்தாள்.

"இங்கதாங்க இருந்துச்சு. என் கண்ணு முன்னாடிதான் வளருது" என்றார் வீட்டுக்காரம்மா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆபீஸ்காரர் பேனாவைத் திறந்தார். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்.

"பஸ்லயா?"

"நீங்க யாரு?"

"பொண்ணுக்கு அப்பாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

அப்பா சும்மா இருக்கவில்லை. "பஸ்ல எங்க போச்சு? எங்கிட்டல்ல இருந்துச்சு. நான் கால் ஒடைஞ்சு கெடந்தேங்க. இந்தா பாருங்க" என்று வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். "வருஷம் பூரா இதுதாங்க சோறாக்கிப் போட்டுச்சு. மாடு பாத்துச்சு. எனக்குக் கட்டு மாத்தும். அப்புறந்தான் பள்ளிக்கூடம். அப்படியும் மார்க் கொறையல பாருங்க. நல்லா எழுதிக்குங்க."

ஆபீஸ்காரர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. அம்மா வைத்த காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். "பெரியவரு பெருமையாத்தான் சொல்றாரு. நான் என்னம்மா பண்றது? என் காதுல வுழுந்துடுச்சே" என்றார். பேனாவை மூடினார்.

வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

ஆள் தெரு தாண்டும் வரை அம்மா வாசலில் நின்றாள். அப்புறம் பேசினாள். "வாரா வாரம் வாயில கொழுக்கட்டைய வச்சவரு மாதிரி ஒக்காந்திருப்பீங்க. இன்னிக்கின்னு பாத்து பேச்சு வந்துடுச்சா?" தொடர்ந்து இங்கே குடியிருந்தால்தான் கணக்கு, நடுவில் ஒரு வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான் என்று அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. யாராவது முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? இல்லை. நிலம் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அப்பா எழுந்தார். அவல் பையை மட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போனார். சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். எதிர்வீட்டுப் பயல் அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. மற்ற எல்லா அப்பாக்களும் வந்தார்கள். கதவுகள் திறந்தன. நான் ரோடு வரைக்கும் போய், பஸ் காலியாகும் வரை பார்த்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் அவர் வரவே இல்லை.

சீட்டு வீட்டுக்காரம்மாவின் மகளுக்குக் கிடைத்தது. நன்றாகப் படித்த பெண், கிடைக்க வேண்டியதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் மார்க்குக்கு ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் நான் வெளியூர். காரைக்காலிலேயே பெண்கள் காலேஜில் வேதியியல் சேர்ந்தேன். நான் வீட்டிலிருந்து படிப்பதால் அம்மாவும் இருந்தாள். இன்னும் மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்குள் அவளுக்கு ஊர் மறந்துவிட்டது. குழாயும் கரண்டும் பழகியவளை மறுபடி கிணற்றுக்குப் போ என்று யார் சொல்வது? "இந்த வருஷம் அறுப்பு முடியட்டும், போறேன்" என்பாள். அறுப்பு முடியும், போகமாட்டாள். அண்ணன் வேலைக்கு வெளிமாநிலம் போய், அங்கேயே இருந்துவிட்டான்.

எங்கள் தெருவில் சீட்டு கிடைத்த பிள்ளை ஒன்றுகூட ஊரில் தங்கவில்லை. படிப்புக்காக ஊர் பெருத்தது. படித்ததும் பிள்ளைகள் போய்விட்டார்கள், ஏனென்றால் படித்த வேலை இங்கே கிடையாது. அம்மாக்கள் மட்டும் வாடகை வீடுகளில் மிச்சம். பக்கத்து வயலிலும் தெரு வந்தது. அதற்கும் புதிதாக அம்மாக்கள் வந்தார்கள்.

காலேஜ் இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் பூவத்தில் இறங்கினேன். அப்பாவுக்கு முன்னமே ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். செக்போஸ்ட்டை ஒட்டி ஒரு டீக்கடை. அவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்தார். நல்ல காலால் மட்டும் மிதித்து வந்தார். பின் சீட்டில் அரிசிப் பை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கடை பெஞ்சில் உட்காருவோம். வீட்டுக்கு வாங்கப்பா என்றால், "மாடு கெடக்கு" என்பார். நான் அங்கே வருகிறேன் என்றால், "படிக்கிற புள்ளைக்கு அங்க என்ன வேல?" என்பார். டீயில் வெல்லம் கிடையாது. சொல்லாமல் குடிப்பார்.

ஒருநாள் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

வேறு பெண்ணாக இருந்தால் அதெல்லாம் இல்லைப்பா என்றிருப்பாள். எனக்கு மனசில் இருப்பதுதான் வாயில் வரும்.

"இருந்திருக்கலாம்ப்பா."

தலையை ஆட்டினார். செக்போஸ்ட்டில் ஒரு லாரியை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா நீ எங்கிட்ட இருந்தேல்ல?"

"இருந்தேன்."

"அப்பறம் பஸ்ல போச்சுன்னா எப்புடி?" என்றார். "அந்த ஒரு வருஷத்தப் போயி இல்லன்னு சொல்றாளேன்னு ஆயிடுச்சு எனக்கு."

பஸ் வந்துவிட்டது. பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்தக் காலத்தில் வடக்கே போகும் பஸ்ஸில் பிராந்தி பாட்டில் தேடுவார்கள், தெற்கே போகும் பஸ்ஸில் கடத்தல் அரிசி தேடுவார்கள். அன்றைக்கு ஒரு போலீஸ்காரர் ஏறி என் காலடியில் இருந்த பையை லத்தியால் தட்டினார்.

"என்ன இது?"

"அரிசி. வீட்டுக்குத்தான். அப்பா குடுத்தாரு."

"அப்பா எங்க இருக்காரு?"

தெருவே எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. வேலையா வெளியூர் போயிருக்காருங்க. நான் ஜன்னல் வழியே கையை நீட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அந்தா போறாருல்ல," என்றேன். "சாஞ்சு நடக்குறவரு. அவருதான்."